காய்ச்சல் வரும் என்றேன்

1991இல் பிள்ளைப்பாக்கத்தில் நான் கிராம நர்ஸ். முத்தடுப்பு ஊசியோடு தெருவுக்குள் நுழைந்தாலே கதவுகளைச் சாத்திக்கொள்வார்கள். ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று ஒரு பேச்சு. அதை உரக்கச் சொன்னவள் தனம்.

ஒருநாள் அவளே கைக்குழந்தையோடு என்னை வழிமறித்தாள்.

"பெரியவனுக்கு ஊசி போட்ட அன்னிக்கு ஒடம்பு நெருப்பா கொதிச்சுது. ஒண்ணும் ஆவாதுன்னு சொன்ன நர்சம்மா அப்புறம் வரவே இல்ல. நீ இன்னா சொல்ற?"

காய்ச்சல் என்றால் ஓடிவிடுவார்கள் என்று நாங்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அன்று எனக்கு அந்த மழுப்பல் அலுத்துவிட்டது.

"காய்ச்சல் வரும். தொடை கொஞ்சம் வீங்கும். இந்த மாத்திரையைக் கொடு. காலையில நானே வந்து பார்க்கறேன்."

முறைத்துப் பார்த்தாள். பிறகு குழந்தையை நீட்டினாள்.

மறுநாள் அவள் வாசலில் பெண்கள் கூட்டம். சண்டைக்குத்தான் என்று நினைத்து நடையைத் தளர்த்தினேன். குழந்தையை இடுப்பில் வைத்தபடி தனம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொன்ன மாதிரியே வந்துச்சி, எறங்கிடுச்சி. காய்ச்சலயே மறைக்காத அம்மா வேற எத்த மறைக்கப் போவுது? புள்ளைங்கள தூக்கினு வாங்கடி."

மதியத்துக்குள் மருந்து தீர்ந்தது. காலி ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறியபோதுதான் புரிந்தது, நான் அத்தனை நாள் சொல்லாமல் விழுங்கிய ஒரு வார்த்தைதான் அந்தக் கதவுகளைச் சாத்தி வைத்திருந்தது.