பளபளத்த கொடுவாள்

சமையல் கத்தி தீட்ட சங்கராபுரத்தில் வாங்கிய சின்னக் கருவியில், புத்திகெட்டுப்போய் கொடுவாளையும் நாலு இழுப்பு இழுத்தேன். பளபளவென்று மின்னியதால், வெட்டும் விளிம்பு மடங்கி மழுங்கியதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் எங்கள் சினைப்பசு கொல்லையோரப் பள்ளத்தில் சறுக்கி விழுந்தது. கட்டியிருந்த நைலான் கயிறு கழுத்தை இறுக்கியது. கொடுவாளால் வெட்டினால் கயிறு துள்ளியது, அறுத்தால் வழுக்கியது. பசுவின் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. "யாராவது வாங்களேன்!" என்று அலறினேன்.

பக்கத்துக் கொல்லையில் அறுப்பிலிருந்த செல்வி ஓடிவந்தாள். "இன்னாக்கா, மொண்ணைய வெச்சி தேச்சிக்கினு கீற? தள்ளு!" என்றவள், பல் வைத்த தன் கருக்கரிவாளால் கயிற்றை நொடியில் அறுத்தாள். பசு பிழைத்தது.

இப்போது அந்தக் கருவி காய்கறிக் கத்திக்கு மட்டும்தான். கொடுவாளைச் சாணைக்கல்லில் தீட்டுகிறேன். ஒரு கயிற்றுத் துண்டை அறுத்துப் பார்த்த பிறகே கொல்லைக்கு எடுத்துப்போகிறேன். அது என் பசுவின் கழுத்தை இறுக்கிய அதே கயிறு.