பையூமியைத் தெரியாத தெரு

கெய்ரோவின் முஇஸ் தெருவில் வழி கேட்டால் பத்துப் பேர் ஓடி வந்து வழி சொல்வார்கள். பத்துப் பேரும் பத்துத் திசையைக் காட்டுவார்கள், அது வேறு விஷயம். ஆனால் ஆளைக் கேட்டால்? அதுவும் சட்டை மடிப்புக் கலையாமல், கையில் கறுப்புத் தோல்பையோடு வந்து, பெயர் சொல்லிக் கேட்டால்? பெற்ற தாயே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பாள். வரி வசூலிக்க வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்ட பழக்கம் அது. சுல்தான்கள் எழுப்பிய கல்வாசல்களில் விரிசல் விழுந்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டில் இதுவரை கீறல்கூட விழுந்ததில்லை.

அந்தக் கட்டுப்பாடுதான் ஒரு வியாழக்கிழமை பையூமியின் வாழ்க்கையோடு விளையாடியது.

பையூமிக்கு வயது நாற்பத்தாறு. தெருவின் வடக்கு வாசலான பாபுல் ஃபுதூஹுக்குள் நுழைந்ததும் அவன் கடை. மொச்சை வேகவைக்கும் பெருவயிற்றுப் பானைகள், தேநீர்க் கடைகளுக்கான தம்ளர்கள், நாற்காலிகள், ஹுக்காக்கள் விற்கிறான். பிறந்தது அந்தக் கடையின் மாடியில்தான். படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவை ஊட்டிக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டதும் அதே மாடியில்தான். அந்த வருஷங்களில் எத்தனையோ வரன்கள் வந்தன. பெண் வீட்டார் படியேறி வருவார்கள். கட்டிலில் கிடக்கும் அம்மாவைப் பார்ப்பார்கள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போவார்கள். பையூமி ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை. மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு அம்மாவின் காலைப் பிடித்துவிடப் போய்விடுவான்.

அம்மா போன பிறகு ஒருநாள் தஹானி வந்தாள். தன் அலுவலகச் சமையலறைக்குப் பானை வாங்க வந்தவள். இரண்டு புருவங்களும் நடுவில் கைகோத்துக்கொண்ட முகம். பானையை விரல் முட்டியால் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள், "இதுக்குள்ள விரிசல் இருக்கு" என்றாள். இருந்தது. அதுவரை அந்தக் கடையில் பானைகள்தான் விரிசல் விட்டிருந்தன. அன்று பையூமியின் நெஞ்சும் சேர்ந்துகொண்டது!

அவள் பக்கத்தில் பெரியவர் என்று இருந்தது அண்ணன் ஃபிக்ரி ஒருவர்தான். பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்யும் அதிகாரி. பையூமி அவருக்கு ஃபோன் செய்து பெண் கேட்டான். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தெருவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நாலு பேரிடம் விசாரிப்பது அங்கே எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள வழக்கம். தஹானி மட்டும் ரகசியமாக ஃபோன் செய்து சொல்லிவிட்டாள்.

"வியாழக்கிழமை அண்ணன் வரார். யார்கிட்டயும் சொல்லி வச்சிடாதீங்க. சொல்லிக் கொடுத்த சாட்சின்னா அவருக்கு உடனே மூக்குல வேர்த்துடும். அன்னிக்கோட நம்ம கதை முடிஞ்சுது."

"சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் பையூமி.

சொல்லவும் இல்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

வியாழக்கிழமை காலை, கடைக் கதவை இறக்கிவிட்டு, பக்கத்துக் கடை ஷிஹாத்தாவிடம் சவரத்துக்கு உட்கார்ந்தான். முகமெல்லாம் நுரை. கழுத்தில் கத்தி. அப்போது வாசலில் கறுப்புத் தோல்பை தெரிந்தது.

"பக்கத்துக் கடை பையூமி எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டார் வந்தவர். வகுப்பறைக்குள் நுழைந்ததுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

ஷிஹாத்தா பையைப் பார்த்தான். சட்டை மடிப்பைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான்.

"பானைக்கடை பையூமியா, ஐயா? இறந்துட்டாரே. அல்லா அவருக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்."

பையூமி கண்ணாடியில் பார்த்தான். வந்தவரின் முகத்தில், நடுவில் கைகோத்துக்கொண்டு, தஹானியின் புருவங்கள்! "ம்ம்ம்!" என்று எழப் பார்த்தான். ஷிஹாத்தா அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இவரு அவரோட சொந்தக்காரர். பேரைக் கேட்டாலே இப்படித்தான் அழுவார்" என்றான்.

ஃபிக்ரி முகத்தைச் சுளித்தார். "போன வாரம் என்கூட ஃபோன்ல பேசினாரே?"

"நல்லவங்க குரல் அவ்வளவு சீக்கிரம் போயிடாது, ஐயா."

ஃபிக்ரி வெளியேறினார். வாசல்படியில் அவர் முணுமுணுத்தது மட்டும் பையூமியின் காதில் தெளிவாக விழுந்தது: "உயிரோட இருக்கறவனைப் புதைக்கறாங்கன்னா ஏதோ பெரிய வில்லங்கம் இருக்கு."

"அடப்பாவி!" என்று துள்ளி எழுந்தான் பையூமி. "அது தஹானியோட அண்ணன்டா! பொண்ணு கொடுக்கறதுக்கு விசாரிக்க வந்திருக்கார்!"

"வரிக்காரன் இல்லையா? நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டா சொல்லச் சொல்றே?"

"இரு, நான் ஓடிப் போய் உன்னை உயிரோட எழுப்பிட்டு வரேன்."

"வேண்டாம்! இப்போ நீ போய்ச் சொன்னா, நான் சொல்லிக் கொடுத்ததா ஆயிடும்."

பையூமி தானே புறப்பட்டான். தோளில் துண்டு. ஒரு கன்னம் வழவழப்பு, மறு கன்னம் நுரை. இந்தக் கோலத்திலா மைத்துனர் முன்னால் போய் நிற்பது? முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

ஹாக்கிம் பள்ளிவாசல் சுவரோரம் எலுமிச்சம்பழக் கூடையோடு உட்கார்ந்திருப்பவள் உம்மு ஹிஷாம். அவள் வாயில் விழுந்த எதுவும் தெருக்கோடி வரை போகாமல் நின்றதில்லை. ஃபிக்ரி அவளிடம் குனிந்தார். பையூமி ஒரு ரொட்டித் தட்டு வண்டிக்குப் பின்னால் பதுங்கினான்.

"பையூமியா? அது குவைத்துக்குப் போயிடுச்சு, தம்பி" என்றாள் உம்மு ஹிஷாம்.

"செத்துட்டதா சொன்னாங்களே?"

"ஆமா. குவைத்துலதான் செத்துச்சு" என்றாள் கண் இமைக்காமல். "எலுமிச்சம்பழம் போடவா?"

ரொட்டி வண்டிக்குப் பின்னால் பையூமி தலையில் அடித்துக்கொண்டான். அதை அவள் பார்த்துவிட்டாள். 'கவலைப்படாதே, கண்ணு' என்பதுபோலக் கண்ணடித்தாள்.

கலாவூன் சுல்தானின் மசூதிக்கு எதிரே செம்புப் பாத்திரக் கடைகள். அங்கே ஹாஜி மிஸ்பாஹ் தெருவுக்கே பெரிய மனிதர். ஹாஜியார் பொய் சொல்ல மாட்டார் என்று பையூமிக்கு ஒரு சின்ன நம்பிக்கை. ஃபிக்ரிக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று, இரு கைகளையும் கூப்பி, கண்ணில் நீர் மல்க அவரைப் பார்த்தான். 'உண்மையைச் சொல்லுங்க, ஹாஜியாரே' என்பது அந்தப் பார்வை.

ஹாஜியார் அந்தக் கூப்பிய கையைப் பார்த்தார். மனம் கரைந்து போனது. பாவம், பிள்ளை எவ்வளவு பயந்திருக்கிறான்!

"பையூமியா, சார்? அவன்கிட்ட என்ன இருக்கு? ஒருவேளைச் சோத்துக்கே வழியில்ல. அவனுக்கு ஒரு பொண்டாட்டி..."

பையூமி பதறிப்போய்க் கூப்பிய கையை இன்னும் உயர்த்தி ஆட்டினான்.

"...இல்ல, ரெண்டு பொண்டாட்டி" என்றார் ஹாஜியார் உருக்கமாக. "ஏழு பிள்ளை. கடைசிக்குக் கால் சரியில்ல."

ஃபிக்ரி பையைக் கீழே வைத்தார். "ரெண்டு பொண்டாட்டியா?"

"ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்ல, சார்."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! தங்கக் கடைக்காரர்கள் அவனைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அஸ்ஹர் சாலையைக் கடந்து, கூரிய்யாவின் துணிக்கடைகளுக்கு ஃபிக்ரி போய்ச் சேர்வதற்குள் ஃபோன்கள் முந்திக்கொண்டு போய்விட்டன. 'கறுப்புப் பை வருது' என்று பாதிக் கடைகள் கதவை இறக்கிவிட்டன. மீதிக் கடைகளில் பையூமி சிறையில் இருந்தான், பைத்தியமாகியிருந்தான், ஒரு கடையில் அவன் பெண்ணாகவே ஆகிவிட்டிருந்தான்.

தெற்கு வாசலான பாப் ஸுவைலாவின் நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தார் ஃபிக்ரி. காலணியைக் கழற்றிவிட்டுச் சிவந்துபோன விரல்களைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துத் தங்கையின் எண்ணைத் தேடினார்.

பையூமிக்கு உயிரே போனது. அந்த எண் அழுந்தினால் எல்லாம் முடிந்தது! வெட்கம், சத்தியம் எல்லாவற்றையும் துண்டோடு சேர்த்து வீசிவிட்டு முன்னால் போய் நின்றான்.

"ஐயா, நான்தான் பையூமி."

ஃபிக்ரி நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பையூமி? செத்தவரா, குவைத்துக்காரரா, ரெண்டு பொண்டாட்டிக்காரரா?"

"ஒரு பொண்டாட்டியும் இல்லாதவன், ஐயா. அவங்க உங்களை வரிக்காரர்னு நினைச்சுட்டாங்க. நான் உங்க தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தி யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

அதற்குள் ஷிஹாத்தா, உம்மு ஹிஷாம், ஹாஜியார், அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு அங்கே வந்து நின்றது. விஷயம் தெரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"தங்கமான பிள்ளை, சார்!"

"மலக்கு! இறக்கைதான் இல்ல!"

"நாலு மாடி வீடு இருக்கு!" என்றாள் உம்மு ஹிஷாம்.

"எனக்கு எங்கே அக்கா நாலு மாடி?" என்று பையூமி அலறினான்.

"நீ சும்மா இரு!"

ஃபிக்ரி கையை உயர்த்தினார். வகுப்பறை அடங்கியதுபோலத் தெரு அடங்கியது.

"இந்தத் தெருவுல இனி ஒரு வார்த்தைகூட நம்ப மாட்டேன். நீங்க எல்லாரும் இவருக்குச் சிநேகிதங்க. கொல்றதா இருந்தாலும் இவருக்காகத்தான் கொல்றீங்க, புகழ்றதா இருந்தாலும் இவருக்காகத்தான். எனக்கு இவரோட எதிரி வேணும். ஒரே ஒரு எதிரி. அவர் சொல்றதைத்தான் கேட்பேன்."

எல்லார் மனதிலும் ஒரே பெயர். யாரும் சொல்லவில்லை. ஹாஜியார் மெதுவாகப் பையூமியின் கையைப் பிடித்து, "வேண்டாம்டா, பிள்ளை. அவன் உன்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவான்" என்றார்.

பையூமிக்கும் தஹானிக்கும் நடுவில் இப்போது ஒரு மனிதனின் நாக்குதான் இருந்தது. அதுவும் எப்படிப்பட்ட நாக்கு!

"இருக்கார், ஐயா" என்றான். "தர்தீரி. என் கடைக்கு எதிர்க்கடை. பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடறவர். அவரும் நானும் பேசிக்கிட்டே வருஷக்கணக்காச்சு."

மறுபடியும் வந்த வழியே தெரு முழுக்க நடந்தார்கள். முன்னால் ஃபிக்ரி, காலணியைக் கையில் பிடித்து நொண்டிக்கொண்டே. பக்கத்தில் பையூமி, தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி. பின்னால் கூட்டம். நடுவில் சுற்றுலாப் பயணிகள் இருவர் ஏதோ திருவிழா என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டே கூடவே வந்தார்கள்.

தர்தீரி தன் கடைக்குள் நாற்காலி அடுக்குக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் சத்தத்தில் விழித்துக்கொண்டு கண்ணைக் கசக்கினார்.

"யாரும் பேசக் கூடாது" என்று ஃபிக்ரி எச்சரித்துவிட்டுக் கேட்டார். "பையூமி எப்படிப்பட்ட ஆளு?"

தர்தீரியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. வாழ்நாள் முழுதும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த கேள்வி அது!

"உட்காருங்க, ஐயா. நல்லா உட்காருங்க. எங்க ஆரம்பிக்க? என் பிழைப்பைக் கெடுத்தவன் இவன்! யார் வீட்ல மௌத்துன்னாலும், நான் வாடகை பேசறதுக்குள்ள இவன் தன் கடை நாற்காலியை எல்லாம் தூக்கிட்டுப் போய்ச் சும்மா போட்டுடுவான். சும்மா! ஒரு வெட்கம் வேண்டாம்? என் அம்மா செத்தப்போ, என்கிட்டயே இத்தனை நாற்காலி இருக்கு, அப்பவும் கொண்டுவந்து போட்டான். அதுல உட்கார்ந்துக்கிட்டே அவனைத் திட்டினேன். காதுலயே வாங்கலை. விறகு மாதிரி பிடிவாதம்!"

"வேற?" என்றார் ஃபிக்ரி.

"வியாபாரம் தெரியாது. வர்ற ஆள்கிட்ட, 'இந்தப் பானை வேண்டாம், சீக்கிரம் உடையும்'னு அவனே சொல்லுவான். அப்புறம் எப்படி விற்கும்? அம்மாவைப் பார்த்துக்கிட்டே இளமையைத் தொலைச்சான். வந்த பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் தேநீரைப் பாதில வச்சுட்டு ஓடினாங்க. மத்தியானம் கடைல குறட்டை விடுவான், என் கடை வரைக்கும் கேட்கும். சமைச்சா தெருப் பூனைகூடத் தின்னாது!"

"அவருக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்றாங்களே?"

தர்தீரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இவனுக்கா? ரெண்டா? ஐயா, நாற்பத்தாறு வயசுல ஒண்ணுக்கே துப்பில்லாதவன் இவன்! எந்த மடையன் இவனுக்குப் பொண்ணு கொடுப்பான்?"

பையூமி தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் காதுகள் இரண்டும் சிவந்து எரிந்தன.

ஃபிக்ரி மெதுவாக எழுந்தார். காலணியை மாட்டிக்கொண்டார்.

"நான் கொடுப்பேன்" என்றார். "எங்கப்பா மூணு வருஷம் படுத்த படுக்கையா இருந்தப்போ, என் தங்கைதான் பார்த்துக்கிட்டா. அவளைப் பார்க்க வந்தவங்களும் தேநீரைப் பாதில வச்சுட்டுத்தான் போனாங்க." பையூமியின் பக்கம் கையை நீட்டினார். "கையைக் கொடுங்க, மாப்பிள்ளை. ஃபாத்திஹா ஓதிடலாம்."

பையூமி கையைக் கொடுத்தான். கண்ணீர் வழவழப்பான கன்னத்தில் வழுக்கி ஓடியது, நுரைக் கன்னத்தில் வழி தெரியாமல் நின்றது. ஹாஜியார் கையை ஏந்தி, சாவு வீட்டிலும் கல்யாண நிச்சயத்திலும் ஓதுகிற அந்தக் குர்ஆன் வசனங்களை ஓத ஆரம்பித்தார். எல்லாரும் ஓதினார்கள். பழக்கதோஷத்தில் தர்தீரியும் ஓதினார். 'ஆமீன்' சொல்லி முகத்தைத் தடவிக்கொண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன ஓதினோம்? எதுக்கு ஓதினோம்?"

"பையூமிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு" என்றான் ஷிஹாத்தா. "எல்லாம் நீங்க பேசின பேச்சுதான், அண்ணே. நாங்க யார் சொல்லியும் நடக்கலை."

தர்தீரி இடி விழுந்தவர்போல நின்றார். அப்புறம் வாசலுக்கு ஓடினார். மைத்துனரும் மாப்பிள்ளையும் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார்கள்.

"ஐயா! நில்லுங்க!" என்று கத்தினார். "நான் இன்னும் பாதிகூடச் சொல்லலை! அவனுக்குச் சீட்டாடத் தெரியாது! உப்பு அதிகமாப் போடுவான்! ஐயா!"

உம்மு ஹிஷாம் எலுமிச்சம்பழக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். எதிர் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது, அங்கிருந்தும் ஒரு குலவை. அப்புறம் மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல். பையூமியின் மிச்சக் குறைகளை அன்று யாருமே கேட்கவில்லை.