தெர்மாகோல் மேல் போட்ட சாலை, கேட் வரைக்கும்

2005 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் போனேன். இரண்டு வருடம் முன்பு, வல்லம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குச் சாலை வடிவமைத்தவன் நான். அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. மனசு கேட்காமல் நானாகத்தான் போனேன்.

தாம்பரத்தில் காலை 7.10 மின்சார ரயில். முக்கால் மணி நேரத்தில் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய்.

"கம்பெனி கேட்டாண்ட வுட்டுடறேன் சார்" என்றார் ஓட்டுநர்.

"ஊர் வரைக்கும் போகாதா?"

"அந்தாண்ட வண்டி போவாது. ரோடு உக்காந்துகீது."

அது ஏரியை ஒட்டிய நஞ்சை நிலம். அடியில் பத்தடிக்குக் குழைந்த களிமண். மண் கொட்டி மேடாக்கினால் கனம் தாங்காது. அதனால் பெரிய தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, மேலே கான்கிரீட்டும் ஜல்லியும் போடச் சொன்னேன். தொழிற்சாலையில் முதலில் சிரித்தார்கள். (கல்யாண மேடைக்குப் போடுவதாச்சே.) பிறகு பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள். கேட் வரை 220 மீட்டருக்குத் தெர்மாகோல். அதற்கப்பால் ஊருக்குப் போகும் 180 மீட்டருக்கு வெறும் மண். "அங்க கண்டெய்னர் போகாதே" என்றார் மேலாளர். எங்கே நிறுத்துவது என்று வரைபடத்தில் கோடு போட்டவன் நான்.

கேட் வரை சாலை மேசை மாதிரி இருந்தது. தாண்டியதும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அமுங்கிய மண், அடியிலிருந்த களியைப் பக்கவாட்டில் தள்ளியதில், ஓரமாக இருந்த வீட்டின் தரை எழும்பி, சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. வீட்டுக்காரர் மல்லிகா அதே தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறவர்.

"கம்பெனிலேர்ந்து நாலு தபா வந்து போட்டோ புட்சிகினு போனாங்க. நீயும் அவங்க ஆளா சார்?"

"இல்லம்மா. இந்த ரோட்டுக்குப் பிளான் போட்டவன்."

என்னையே பார்த்தார். "அந்தப் பிளான்ல எங்க வூடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

மல்லிகா உள்ளே போய்விட்டார். பழைய வரைபடம், அதில் வீடு இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடை கிடையாது. பொறியியல் மாணவர்கள் இந்தச் சாலையைப் பார்க்க வருகிறார்களாம். கேட்டைத் தாண்டியும் நடங்கள். அங்கேயே திரும்பினால், நான் செய்தது சரி என்றுதான் தோன்றும்.