அப்பா வாய் திறக்காத ஒரு கோளாறு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்த நான், நாலு வரிக்கு ஒருதரம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். இருப்புக்கொள்ளாத இந்தக் குணம் அவர் கொடுத்த சொத்து.

குரும்பலூரில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சின்ன வெங்காயம் வாங்கி விற்று, தங்கைகளைக் கரையேற்றினார். மக்காச்சோளம், பருத்தி என்று வியாபாரம் பெருகியபோது பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். அதன் பிறகு அவரை வீட்டில் பார்ப்பதே அரிது. காலையில் பெரம்பலூர், மதியம் அரியலூர், பொழுது சாய ஜெயங்கொண்டம். காலில் சக்கரம் கட்டியவர் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். கோபக்காரர், மனதில் ஒன்றும் வாயில் ஒன்றும் வைக்கத் தெரியாதவர். யார் வீட்டில் சாவு, யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் போய் நிற்பது அந்தக் கார்தான்.

ஆண்டுதோறும் ஆயுதபூஜை முடிந்ததும் அது திணறும். மேடேறும்போது வெட்டி வெட்டி இழுக்கும். அப்பா எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். கழற்றியதும் ஓட்டம் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

"ஒடனே புதுசு வாங்கிறாத! பக்கத்துக் காயிலோட எடம் மாத்திப் போட்டுப் பாரு. கோளாறு கூடவே போச்சுன்னா காயிலு. அங்கயே நின்னுச்சுன்னா பிளக்கு, இல்லாட்டி வேற" என்று பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் அவரிடம் கத்துவார்.

சென்ற ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரிக்கும் தானே ஓட்டுவதாகச் சாவியைத் தேடினார். அன்று மாலையே எங்களை விட்டுப் போய்விட்டார்.

துக்க ஆண்டு என்பதால் இந்த முறை எங்களுக்குப் பண்டிகை இல்லை. அம்மா மட்டும் யார் சொல்லியும் கேளாமல், எல்லா வருடமும் செய்வதுபோலவே பானெட்டைத் திறந்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி போக எஞ்சின்மேல் டியூபைப் பிடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தார். மறுநாளே கார் திணறியது.

"பழைய இரும்புக்குப் போட்டுரலாம்க்கா. வருசா வருசம் இதே ரோதனையாப் போச்சு" என்றான் தம்பி.

அம்மா அன்று சாப்பிடவில்லை. அப்பா போன வீட்டிலிருந்து அந்த வண்டியும் போனால் அம்மா தாங்கமாட்டார்.

நானே பானெட்டைத் திறந்தேன். மூன்றாவது காயிலின் ஒயரைக் கழற்றியபோது ஓட்டத்தில் மாற்றமில்லை. அதை இரண்டாவதின் இடத்துக்கு மாற்றினேன்; கோளாறும் கூடவே போனது. அந்தக் காயிலின் ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு இருந்தது. அது முன்பு இருந்த குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. பூஜைக்குக் கழுவிய தண்ணீர்!

அப்பாவின் மெக்கானிக்குக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது அண்ணனுக்கு மொதல்லேர்ந்தே தெரியுங்க. 'அவ ஆசையா கழுவுறா, நீ வாயத் தொறக்காத'ன்னுட்டாருங்க" என்றார்.

எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத மனிதர், இதை மட்டும் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. புதுக் காயில் மாட்டியதும் கார் சீராக ஓடியது. தம்பியும் விற்கிற பேச்சை விட்டான்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அண்டை வீட்டாருக்கும், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து கடைசிவரை உடன் நின்ற வியாபார நண்பர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர் விஷயம் வந்தபோது, வருத்தப்படுவாரே என்று தயங்கினேன். அம்மா சிரித்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதாடி? வண்டி படுத்தாதான ஒங்கப்பா ரெண்டு நாளு வூட்டோட கெடப்பாரு. அதுக்குத்தான் கழுவுறது."

"அப்ப இந்த வருசம் எதுக்கும்மா கழுவுன?"

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"தெரியலடி. வண்டி நின்னா வூட்டுல இருப்பாரேன்னு..."