தரை வளர்ந்த ஊர்

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மூன்று மாதமும், ஐயப்பசாமிகள் வந்து போகிற கார்த்திகை மார்கழியும் போக, லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே ஒரு வேலைதான். குரங்கு உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெபமலருக்கு அதில் வெகுகால அனுபவம். குரங்குகளுக்கும் அவளுக்கும் ஒரு சமாதானம் ஏற்பட்டுவிட்டபடியால், மிச்ச நேரத்தில் அவள் உலகத்தில் உள்ள கூடைப்பந்து வலைப்பூக்களை எல்லாம் படித்தாள்.

அவள் தென்காசிக்காரி. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவள். உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல் கூட. ‘இந்த உயரத்துக்கு நீ கேரம் ஆடலாமே’ என்று சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. ஆனாலும் மாவட்ட அணி வரைக்கும் போனாள். கல்லூரியில் முழங்கால் சவ்வு கிழிந்து ஆட்டம் நின்றது. கல்யாணம் ஆயிற்று, லாட்ஜில் வேலை கிடைத்தது, வேலையோடு வைஃபையும் கிடைத்தது.

வலைப்பூவுக்கு ‘மூன்று விநாடி’ என்று பேர் வைத்தாள். எதிராளியின் வளையத்துக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று கூடைப்பந்தில் ஒரு சட்டம் உண்டு. அவளுடைய வாசகர்கள் அந்தச் சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்கள். வந்த வேகத்தில் வெளியே போனார்கள்.

சனிக்கிழமைதோறும் ‘இந்த வாரம் வாசிக்க’ என்று ஒரு பகுதி போடுவாள். உலகத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், அதை ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டிரண்டு வரி. மணிலாவில் ஒருத்தர் சந்துக்குள் ரப்பர் செருப்போடு ஆடுகிறவர்களைப் பற்றி மட்டுமே எழுதுவார். ஸ்பெயினில் ஒரு பெண், ஆட்டத்தில் இறக்கப்படாமல் பெஞ்சிலேயே வயசாகிப்போனவர்களைப் பற்றி எழுதுவாள். அமெரிக்காவில் ஒரு மனிதர், மூலையில் நின்று எறிகிற ஒரே ஒரு பந்தைப் பற்றி வரைபடங்களோடு ஒரு புத்தகம் அளவுக்கு எழுதிவிட்டு, கடைசியில் ‘உறுதியாகச் சொல்வதற்கில்லை’ என்று முடிப்பார். லிதுவேனியாவில் யோனாஸ் என்று ஒரு பல் வைத்தியர். தவறுக்குத் தண்டனையாகக் கொடுக்கிற ஃப்ரீ த்ரோ எறியும்போது யார் யார் பல்லைக் கடிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவரும் ஒவ்வொரு வாரமும் ‘வாசிக்க’ என்று ஒரு பட்டியல் போடுவார். ஜெபமலருக்கு அவர்தான் மானசீக அண்ணன்.

இத்தனையும் யாருக்காக என்றால், துபாயில் இருக்கிற தங்கை ஜெஸிக்காகவும், வழுக்கைக்கு மருந்து விற்க வந்து கருத்துப் போடுகிற ஏதோ ஒரு இயந்திரத்துக்காகவும்.

அவள் புருஷன் ஸ்டான்லிக்குத் தென்காசியில் டூவீலர் உதிரிபாகக் கடை. நல்ல மனுஷன். அவனுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

“ஏட்டி மலரு, பந்து ஆடுதவன் ஆடுதான். அதை ஒருத்தன் பாக்கான். பாத்தவன் எழுதுதான். அவன் எழுதினதப் பத்தி நீ எழுதுத. உன்னையப் பத்தி எவனாவது எழுதுதானா?”

“எழுதுவான்.”

“எழுதட்டும், எழுதட்டும்” என்று அவன் செயின் ஸ்பிராக்கெட்டைத் துடைக்கப் போய்விடுவான்.

லாட்ஜ் முதலாளி குத்தாலிங்கம் அண்ணாச்சி, தென்காசியில் சாரல் கூடைப்பந்துக் கழகம் என்று ஒன்றுக்குத் தலைவரும்கூட. அண்ணாச்சி வாழ்நாளில் பந்தைத் தொட்டது கோப்பை கொடுக்கிற போட்டோவில் மட்டும்தான். ஆனால் கழகத்து அணி பெரிய அணி. சொந்த மைதானத்தில் அவர்களை ஜெயித்த ஆள் கிடையாது. பையன்கள் துள்ளி எழும்பி வளையத்தைப் பிடித்துத் தொங்கியபடி பந்தைத் திணிப்பார்கள். ஐந்தடி ஆறங்குலப் பையன்கூடத் திணிப்பான். ஊரே விசிலடிக்கும். அதே பையன்கள் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போனால் முதல் ஆட்டத்திலேயே தோற்று, அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். ரெஃப்ரி சதி என்பார்கள். ஒரு தடவை, தங்கின அறைக்கு வாஸ்து சரியில்லை என்றும் கண்டுபிடித்தார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் கழகம் ‘சாரல் கோப்பை’ நடத்தியது. அண்ணாச்சி ஜெபமலரைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீ இண்டர்நெட்ல பந்தைப் பத்தி எழுதுதியாம்லா? ஊர்ல உள்ளவன் கதையெல்லாம் எழுதுத. நம்ம கோப்பையப் பத்தி நாலு வரி போடப்படாதா?”

போடலாம் என்று போனாள். இறுதி ஆட்டம் கேரளத்துப் புனலூர் அணியோடு. புளியறை தாண்டி வேனில் வந்திருந்தார்கள். நல்ல உயரமான, அடக்கமான பையன்கள். ஆனால் அவர்கள் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு மேலே பறந்து பலகையின் தலையில் இடித்துத் திரும்பியது. பாவம், சாரல் கோப்பையைச் சாரலிடமே விட்டுவிட்டு வேனில் ஏறும்போது, அவர்களுடைய கோச் ஜெபமலரிடம் வந்தார்.

“சேச்சி, நிங்ஙள் எழுதுந்ந ஆளல்லே? ஒரு காரியம் சொல்லாம். எங்க பிள்ளைங்க மோசமில்ல. உங்க ரிங் தாழே கிடக்குது.”

தோற்றவர் சொல்கிற சமாதானம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தென்காசி அணியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பழக்கமான ராகம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போனாள். அங்கே சீரியல் செட்டைக் கழற்றிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் இசக்கிராஜாவை ஏணியோடு பிடித்தாள்.

“தம்பி, மேல ஏறி இந்த டேப்பை ரிங்ல வச்சுப் பிடி.”

வளையம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும். உலகம் முழுக்க அதுதான் கணக்கு. இங்கே ஒன்பதேகால் அடி. எதிர்ப்பக்கத்து வளையமும் அப்படித்தான்.

“ரிங் எங்கக்கா இறங்குச்சு? கம்பம் போட்ட நாளுல இருந்து அப்படியேதான் நிக்குது” என்றான் இசக்கிராஜா. “மழைத்தண்ணி தேங்குதுன்னு ரெண்டு தடவை மேலயே கான்கிரீட் போட்டாவள்லா? தரைதான் ஏறிட்டு.”

அன்றைக்கு முழுக்க அவள் லாபநஷ்டம் பார்த்தாள். சம்பளம் கொடுக்கிறவர் அண்ணாச்சி. வைஃபை அண்ணாச்சியுடையது. எழுதாமல் விட்டால் கேட்க நாதியில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அடுத்தவன் எழுதிய உண்மையை ‘வாசியுங்கள், வாசியுங்கள்’ என்று கூவியவளுக்கு, கையில் ஓர் உண்மை கிடைத்தபோது மூடி வைக்கக் கூச்சமாக இருந்தது. எழுதினாள். கோபமாக எழுதவில்லை. ‘எங்கள் ஊரில் பையன்கள் வளரவில்லை. தரை வளர்கிறது’ என்று ஆரம்பித்து, தலைவர் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் நிர்வாகத்தில் வானமே முக்கால் அடி கீழே வந்து பிள்ளைகளுக்குக் கை கொடுக்கிறது என்று பாராட்டி முடித்தாள்.

அந்தப் பாராட்டு வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி அண்ணாச்சியிடம் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. ‘மூன்று விநாடி’க்கு முதல்முறையாகத் தமிழில் கருத்துகள் வந்தன. பக்கம் பக்கமாக வந்தன. அத்தனையும் வசவு, அத்தனையிலும் எழுத்துப்பிழை. அணியின் கேப்டன் ‘பொராமை’ என்று எழுதியிருந்தான்.

அண்ணாச்சி வரவேற்பறைக்கே வந்துவிட்டார். “என் லாட்ஜ்ல உக்காந்து, என் வைஃபையில, என் ரிங்கையே அளந்திருக்கியே தாயி! இனி நீ இங்கன இருக்க வேண்டாம். மேல மாடியில துண்டு செக்ஷனப் பாரு.”

துண்டு செக்ஷன் என்றால், அருவியில் குளித்த சனம் எண்ணெயும் அரப்புமாகத் துடைத்துப் போட்டதைத் துவைத்து உலர்த்துகிற இடம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் துண்டு உலர்வது, தென்காசி அணி மதுரையில் ஜெயிப்பது மாதிரி. வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். ஸ்டான்லி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் சொன்னேம்லா” என்று சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தான். அதுவே அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

சனிக்கிழமை வந்தது. இந்த வாரம் ஒன்றும் போட வேண்டாம், எவன் வாசித்து என்ன ஆகப்போகிறது என்று ஈரத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து செல்போனைத் திறந்தாள். பழக்க தோஷத்தில் யோனாஸின் பட்டியலைப் பார்த்தாள். முதல் இடத்தில் ‘மூன்று விநாடி’ இருந்தது.

அவள் பட்டியலில் தன் பேரைப் பார்த்து உள்ளே வந்த பல் வைத்தியர், மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் புண்ணியத்தில் அவள் எழுதியதை வாசித்திருந்தார். வாசித்தார்தான், ஆனால் இயந்திரத்துக்குக் கிண்டல் தெரியாது. ‘அண்ணாச்சி’யை அது ‘சகோதரர்’ என்று பெயர்த்திருந்தது. லிதுவேனியாவில் மாதா கோயில்கள் அதிகம். அங்கே சகோதரர் என்றால் மடத்துத் துறவி. ஆகவே யோனாஸ் உருகி எழுதியிருந்தார்: ‘இந்தியாவின் தெற்கே, ஒரு அருவியூரில், குத்தாலிங்கம் என்ற துறவி இருக்கிறார். குள்ளமான ஏழைப் பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்று, கம்பத்தைத் தொடாமல் பூமியையே உயர்த்திக் கொடுத்திருக்கிறார். இந்த வருடம் நான் வாசித்ததிலேயே உயர்ந்த கட்டுரை.’

மணிலாக்காரர் அதை எடுத்துப் போட்டார். ஸ்பெயின்காரி எடுத்துப் போட்டாள். அமெரிக்கர், தாழ்ந்த வளையத்தால் மனிதகுலத்துக்கு விளையக்கூடிய நன்மைகளை வரைபடம் போட்டு, உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார்.

ஜெபமலர் பதறிப்போய் யோனாஸுக்கு எழுதினாள். அவர் துறவி இல்லை, லாட்ஜ் முதலாளி. அது கருணை இல்லை, கான்கிரீட். யோனாஸ் உடனே பதில் போட்டார்: ‘ஞானிகளின் அருகில் இருப்பவர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள்.’

துபாயிலிருந்து ஜெஸி இதை எல்லாம் குடும்ப குரூப்பில் போட, மறுபடி ஊரைச் சுற்றி அண்ணாச்சி கைக்குப் போயிற்று. இந்தத் தடவை அரை நாளில் போயிற்று. அண்ணாச்சி இரண்டு மாடி ஏறித் துண்டு செக்ஷனுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் ஏற்கெனவே ஒரு சாந்தம் வந்திருந்தது.

“ஏம்மா மலர், வெளிநாட்டுக்காரன் சரியாத்தான் புரிஞ்சிருக்கான், கேட்டியா? நானும் பிள்ளையள நெனச்சுத்தான் ரெண்டு தடவை கான்கிரீட் போடச் சொன்னேன். வெளிய சொல்லிக்கிடல.”

“அப்படியா அண்ணாச்சி?”

“நம்ம வாயால சொன்னா நல்லாவா இருக்கும்? நீ அவனுக்கு ஒரு பதில் எழுது. என் போட்டோவும் வை. காவி வேட்டியில ஒண்ணு எடுத்திருக்கேன்.”

ஜெபமலர் கையிலிருந்த துண்டைப் பிழிந்தாள். அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

“எழுதுதேன் அண்ணாச்சி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டு ரிங்கும் தாழ கெடந்தா, வந்து பாக்குதவனுக்குக் கருணை எப்படித் தெரியும்? இதுதான் உசரம் போலன்னு நெனச்சிட்டுப் போயிருவான். பக்கத்துல பத்தடியில ஒண்ணு இருந்தாத்தானே, நீங்க எவ்வளவு எறக்கிக் குடுத்திருக்கீங்கன்னு வெளங்கும்?”

அண்ணாச்சி யோசித்தார். ஞானிகள் யோசிப்பது போலக் கண்ணை மூடி யோசித்தார். “மேக்கால உள்ளத ஏத்திருவோம்” என்றார்.

அந்த வாரமே வெல்டரைக் கூட்டி வந்து மேற்குக் கம்பத்தை உயர்த்தினார்கள். இசக்கிராஜா டேப் பிடித்தான். பத்தடி, சுத்தமாக. கிழக்கு வளையத்துக்கு அடியில் ‘கருணை வளையம்’ என்று கிரானைட்டில் பொறித்து, அண்ணாச்சி தனக்குத்தானே ஒரு பொன்னாடை வாங்கி, அதை ஜெபமலர் கையால் போர்த்திக்கொண்டார். அவளை மறுபடி வரவேற்பறைக்கு மாற்றினார். அவள் அந்த வாரம் எழுதியது இரண்டே வரி: ‘மேற்கு வளையம் பத்தடி ஆகிவிட்டது. இதற்கு நன்றி. கிழக்கு பழையபடிதான் இருக்கிறது.’ யாரும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

பையன்கள் பத்தடி வளையத்தில் ஒரு சாயங்காலம் ஆடிப் பார்த்தார்கள். துள்ளினார்கள், எட்டவில்லை. எறிந்தார்கள், சேரவில்லை. வெல்டர் தப்பாக வைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, மொத்தப் பேரும் கிழக்கே போய்விட்டார்கள். அங்கே தொங்கி ரீல்ஸ் எடுக்க வரிசை நின்றது. மேற்குப் பாதி காலியாகக் கிடந்தது.

அந்த மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு அதுவரை இடமே கிடையாது. ‘பையங்க ஆடி முடிக்கட்டும்’ என்பார்கள். பையன்கள் முடிக்கும்போது இருட்டிவிடும். ஆய்க்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து சுவர் ஓரம் நின்றுவிட்டுப் போகிற முத்துச்செல்விதான் முதலில் வந்து கேட்டாள்.

“அக்கா, அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்கு? நாங்க ஆடட்டுமா?”

“ஆடு. அங்கன ஆட உன்னைத் தவிர எவனுக்கும் தைரியம் இல்ல.”

அவளோடு சேர்ந்து சஃப்ரின் வந்தாள். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். லாட்ஜ் வேலை முடிந்ததும் ஜெபமலர் ஸ்கூட்டியில் நேராக மைதானத்துக்குப் போவாள். முழங்காலில் உறையை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கத்துவாள். வாரக் கணக்கில் ஒரு பந்தும் வளையத்துக்குள் விழவில்லை. கிழக்கேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். பிறகு ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. விழுவது வழக்கமானபோது, கிழக்கே சத்தம் குறைந்தது.

இந்த வருஷம் தை மாதம் மதுரைப் போட்டிக்கு இரண்டு அணியும் போயின. பையன்கள் முதல் ஆட்டத்தில் தோற்று, வெயில் அதிகம் என்றார்கள். பெண்கள் முதல் ஆட்டத்தில் நாலு புள்ளியில் ஜெயித்தார்கள். கடைசியில் முத்துச்செல்வி எறிந்த பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தபோது, ஜெபமலர் முழங்காலை மறந்து குதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டான்லி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். அவளைத் தூக்கிவிட்டு, “கத்தாதட்டி, ரெஃப்ரி பாக்கான்” என்று சொல்லிவிட்டு அவனே விசிலடித்தான். இரண்டாவது ஆட்டத்தில் பெரிய தோல்வி. அதற்கு யாரும் வாஸ்து பார்க்கவில்லை.

திரும்பும்போது வாசுதேவநல்லூரில் டீக்கு வண்டியை நிறுத்தினார்கள். சஃப்ரின் இரண்டு ஃப்ரீ த்ரோவை விட்டதற்கு இன்னும் அழுதுகொண்டிருந்தாள். ஒரு கையில் உளுந்தவடை. முத்துச்செல்வி அதில் பாதியைப் பிய்த்துக்கொண்டு, “எறியும்போது பல்லக் கடிக்காதன்னு அக்கா எத்தனை தடவை சொல்லுதாவ, கேக்கியா நீ?” என்றாள்.

“நான் எங்க கடிச்சேன்?” என்று சஃப்ரின் சண்டைக்கு வந்தாள். வண்டி கிளம்பி வெகுநேரம் ஆகியும் அந்தச் சண்டை முடியவில்லை.