உள்ளே ஆறு, வெளியே ஏழு

காட்டு யானை ஒன்று கண்ணெதிரே நின்று பெருமூச்சு விடுவதைப் பார்க்க விலை, தலைக்கு ஆயிரத்து எண்ணூறு. தராசு அதை ஆயிரத்து நானூறாக அடித்துப் பேசி முடித்தார். நேரடியாக யானையிடமே பேச முடிந்திருந்தால் இன்னும் ஒரு நூறு குறைத்திருப்பார்.

இது நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் தராசிடமே போய்க் கேட்கலாம். தானிய மண்டி வைத்திருப்பவர். யாராவது வழி கேட்டால் கூட இனாமாகச் சொல்ல யோசிக்கிற மனிதர். தன் மானம் போகிற மாதிரி ஒரு பொய்யை ஊரெல்லாம் சொல்லி அவருக்கு என்ன வரப்போகிறது? தராசு என்பது பட்டப்பெயர்தான். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடை போட்டுப் பார்த்தவர்.

திறந்த ஜீப். ஆறு பேர். முன்னால் டிரைவர், அவன் பக்கத்தில் வழிகாட்டி. நடுவில் தராசும் அவர் மனைவியும். பின்னால் மச்சினனும், தராசின் ஒன்பது வயது மகளும். மகளுக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலி. அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்களோ என்று ஏறும்போதே தராசு அந்தச் சீட்டின் மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

மாலை மணி 4.05. கேட்டில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாளான காவலாளி, ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணி நோட்டில் எழுதினான். உள்ளே 6.

கேட்டைத் தாண்டியதும் வழிகாட்டி திரும்பி உட்கார்ந்து ஒரு விதி சொன்னான். வண்டி எங்கே நின்றாலும், கிளம்பும் முன் அவன் 'நம்பர்' என்பான். தராசில் ஆரம்பித்து வரிசையாக ஆளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். டிரைவர் அஞ்சு, அவன் ஆறு. ஆறு வந்தால்தான் வண்டி நகரும். யாரையும் காட்டில் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது, அதற்குத்தான் என்றான்.

தராசுக்கு அது ஒப்பவில்லை. ஆறு பேரை எண்ண ஒருத்தனுக்குக் கண் போதாதா? தலைக்கணக்கைக் கூட்டிக் காட்டி, திரும்பி வரும்போது கறப்பதற்கு ஏதோ ஏற்பாடு என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மணி 4.40. முதல் நிறுத்தம் ஒரு குளக்கரை. யானை இல்லை. சாணம் இருந்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஆயிரத்து நானூறுக்கு இவ்வளவுதான் காட்டுவாங்க போல, மச்சான்" என்றான் மச்சினன். தராசு சிரிக்கவில்லை. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி நம்பர் கேட்டான்.

"லாபம்" என்றார் தராசு.

மண்டியில் அப்படித்தான். மூட்டை எண்ணும்போது முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். முப்பது வருஷமாக அவர் வாயில் அந்த எண் எண்ணிக்கையின் தொடக்கமாக வந்ததே இல்லை. மனைவி சிரித்துக்கொண்டே "ரெண்டு" என்றாள். மூணு, நாலு, அஞ்சு, ஆறு. எல்லாம் சரியாக வந்தது.

வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணுன்னே சொல்லிடுங்க."

"எங்க வழக்கம் இது, தம்பி. ஆறு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா ஒண்ணை யாராவது சொல்லணும்ணே. காலியா விடக் கூடாது."

ஏன் என்று தராசு கேட்டார். அவன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் ரோட்டைப் பார்த்தான். வண்டியை எடுத்தார்கள். சரக்கில் கோளாறு இருக்கும்போது விற்கிறவன் வானத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையைத் தராசுக்கு நன்றாகத் தெரியும். இவன்கள் எதையோ மறைக்கிறான்கள். மறைக்கிறவன் சொல்வதைக் கேட்டு வழக்கத்தை மாற்றுவதா? மாட்டேன் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

மணி 5.24. ஒரு வளைவில் டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

யானைகள்.

முதலில் காதில்தான் விழுந்தன. புல்லை வேரோடு பிடுங்கும் சத்தம். பிடுங்கியதை முழங்காலில் தட்டி மண்ணை உதறும் சத்தம். பிறகு மூங்கில் மறைவிலிருந்து ஒவ்வொன்றாக ரோட்டுக்கு வந்தன. செம்மண் பூசிய முதுகுகள். தாயின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி, தன் தும்பிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தராசு மெல்ல எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு... பதினொன்று. கொடுத்த காசு செரித்தது.

எல்லாவற்றிலும் பெரிய பெண் யானை நின்றது. ஜீப்பை நோக்கித் தும்பிக்கையைத் தூக்கியது.

தும்பிக்கை நுனி காற்றில் நகர்ந்தது. டிரைவர் பக்கம். வழிகாட்டி. தராசு. அவர் மனைவி. ஒவ்வொருவரிடமும் ஒரு நொடி. மச்சினன். மகள்.

பிறகு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

காலி சீட்டில் நின்றது.

அங்கிருந்து அசையவில்லை.

அடி வயிற்றிலிருந்து ஒரு உறுமல். காதில் கேட்கவில்லை, உட்கார்ந்திருந்த சீட்டில் அதிர்ந்தது. பதினொன்றும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. குட்டியை நடுவில் தள்ளி மறைத்தன. எல்லாத் தலையும் ஒரே பக்கம். யாரும் உட்காராத அந்த இடத்தின் பக்கம்.

"இப்படிப் பண்ணுமா, தம்பி?" தராசு கிசுகிசுத்தார்.

வழிகாட்டி தலையை ஆட்டினான். இல்லை என்று.

க்ரீச்...

சீட்டின் ஸ்பிரிங். பின்னால்.

தராசு மச்சினனைத்தான் சந்தேகப்பட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஷூவுக்குள் தண்ணீர் ஊற்றிய ஆள் அவன். விளையாட இதுவா நேரம் என்று பல்லைக் கடித்தார். அப்போது மகள் பேசினாள்.

"அப்பா... தள்ளி உட்காரச் சொல்லுங்கப்பா. ஈரமா இருக்கு."

"யாரை?"

அவள் மாமன் பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

தப்... ஜீப்பின் இரும்புத் தரையில் ஒரு சத்தம். செருப்புக் காலை ஊன்றினால் வருமே, அது.

கொஞ்சம் இடைவெளி.

தப்...

ஒரு கால்தான். இரண்டாவது காலுக்குச் சத்தமே இல்லை.

மணி 5.41. வழிகாட்டி திரும்பாமலே, உதடு அசையாமல் கேட்டான். "நம்பர்."

பயத்தில் வாய் பழகின வழியில்தான் போனது.

"லாபம்."

"ரெண்டு."

"மூணு."

"நாலு..."

"அஞ்சு."

"ஆறு."

காற்று நின்றது.

"ஒண்ணு."

தராசு மச்சினனை அறையத்தான் திரும்பினார். மச்சினன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண் மட்டும் தெரிந்தது. அது பக்கத்தில் பார்க்காமல், நேராக அவரையே பார்த்தது.

தராசு மகளின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். அவள் வலது பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அன்று மழை இல்லை. மச்சினனும் சீட்டைத் தாண்டி நடுவில் வந்து விழுந்தான். பின்வரிசை காலி.

க்ரீச்...

யானைகள் ரோட்டை அடைத்து நின்றன. ஓர் அடி நகரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மகளின் இதயம் அவர் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. தராசின் கையில் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை.

"இப்பவாவது சொல்லுங்கண்ணே" என்றான் வழிகாட்டி. குரல் அழுதது. "உங்க நம்பரைத் திருப்பி வாங்கிடுங்க."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தராசு அப்படி எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு."

அவர் தனியாகச் சொல்லவில்லை.

அதே நொடியில், அவர் பிடரிக்குப் பின்னால், இன்னொரு வாயும் சேர்ந்து சொன்னது.

பெரிய யானை தும்பிக்கையை இறக்கியது. பின்வாங்கியது. பதினொன்றும் காட்டுக்குள் ஒதுங்கி வழி விட்டன. டிரைவர் வண்டியை எடுத்தான். வழி நெடுக ஒருவரும் திரும்பவில்லை.

மணி 6.20. கேட்.

வண்டி வரும்போதே காவலாளி டார்ச் அடித்து எண்ணினான். வண்டி நின்றதும் ஆளுக்கொரு பக்கம் குதித்து, டியூப்லைட் எரிந்த கேட் அறைக்குள் ஓடினார்கள். பின்னாலேயே வந்து நோட்டை விரித்தவன் எழுதியதைத் தராசு பார்த்தார். வெளியே 7.

வியாபாரிக்கு அப்போதும் சந்தேகம்தான் முந்திக்கொண்டது. "ஆறு பேருய்யா. காசு பிடுங்கற வேலையை என்கிட்ட வச்சுக்காதே."

"காசா? நான் ஏன் சார் கேக்கறேன்? நீங்க ஆறு பேரும் முன்னாடி நெருக்கியடிச்சு உட்கார்ந்திருந்தீங்க. பின்னாடி ஒருத்தர் தனியா உட்கார்ந்திருந்தாரே. இறங்கி உங்க கார் பக்கமாப் போனார். ஒரு காலை விந்தி விந்தி."

மகளின் காதைப் பொத்தினாள் அம்மா. வழிகாட்டி அலமாரியைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுத்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம். அதே ஜீப்பின் எண். உள்ளே 7, வெளியே 6. அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

அவன் சொன்னது இவ்வளவுதான். தராசு உட்கார்ந்த அதே சீட்டில், அன்று ஒரு பயணி. யானை பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவருடைய ஒரு செருப்பு கீழே விழுந்தது. எடுக்க இறங்கினார். இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. வண்டி போய்விட்டது. பதினொரு நாள் தேடினார்கள். கொட்டுகிற மழை. ஆள் கிடைக்கவே இல்லை. ஒரு செருப்பு மட்டும் கிடைத்தது. அதற்கப்புறம்தான் நம்பர் சொல்லும் முறை. முதல் நம்பர் அவருடையது, அதைக் காலியாக விட்டால் அவர் வாங்கிக்கொள்வார் என்று பழைய டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அவ்வளவு நாள் யாரும் காலியாக விட்டதில்லை. அங்கே வருகிற யாரும் லாபம் என்று எண்ணுகிறவர்கள் இல்லை.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, தம்பி."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

தராசு பார்வையைத் திருப்பினார்.

சுவரில் ஆணியில் அந்தச் செருப்பு தொங்கியது. பழுப்பு நிறம். இடது கால்.

காரில் திரும்பும் வழியெல்லாம் மகள் பின்சீட்டில் ஒரு ஓரமாகவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டிப் படுத்துக்கோம்மா என்றாள் அம்மா. இடம் இல்லை என்றாள் அவள்.

இப்போது மண்டியில் தராசு ஒண்ணு என்றுதான் ஆரம்பிக்கிறார். சத்தமாக. அவசரமாக. வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள். மூட்டை தூக்குகிறவர்கள் மறைவில் சிரிக்கிறார்கள். கணக்கு கேட்டால் மட்டும் அவர் இன்றைக்கும் பைசா பிசகாமல் சொல்வார்.

காட்டுக் கணக்கு: அன்று உள்ளே ஏழு, இன்று ஆறு, ஆகப் பதிமூன்று. அன்று வெளியே ஆறு, இன்று ஏழு, ஆகப் பதிமூன்று. நேர்.

வீட்டுக் கணக்கு: கணவன், மனைவி, மகள். ஆள் மூன்று.

காலையில் கதவைத் திறந்தால், வாசலில் செருப்பு ஏழு.