காதர் ராவுத்தர் போட்ட ஒட்டு

போதும். ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று.

சங்ககிரி ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் ராவுத்தர் நேற்று காலமானார்… நான் இதை எழுதி மாட்டுகிற இந்த வாசகசாலைக்கு சைக்கிளில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒருகாலத்தில் பஞ்சர் ஒட்டியவர்.

அவரைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்து போகும்போது கடைவீதியில் ஒருவர் பக்கத்தில் நின்றவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. "யாருங்க, அந்த ஒட்டுவிட்ட ராவுத்தருங்களா?"

மண்ணுக்குள் போகிற நாளிலும் அந்தப் பெயர்தான். அதை ஊருக்குக் கொடுத்தது என் வாய்.

அவரிடம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்… ட்யூபை ஒட்டியதும் சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட மாட்டார். ஒரு பிடி பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாக ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத முள்முனை இருந்தால் பஞ்சு அங்கே சிக்கும்.

மூன்று சுற்று. யாருடைய டயராக இருந்தாலும் மூன்று.

அகப்பட்ட முள்ளை நம் உள்ளங்கையில் வைப்பார். ரோட்டில் போடாமல் வீட்டு அடுப்பில் போடச் சொல்வார்.

டயருக்குக் காது குடைகிறீர்களா என்று நான் கேலி செய்வேன். "ஆமாங்க தம்பி, சொன்னாக் கேக்காத காது. குடைஞ்சுதான் பாக்கோணும்" என்பார், தலை நிமிராமல்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

சேலத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு எனக்கு இன்டர்வியூ. சங்ககிரி ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடிக்கவேண்டும். வீட்டை விட்டு இறங்கியதுமே பின்சக்கரத்தில் காற்று இல்லை… மைத்துனன் தன் சைக்கிளைத் தரமாட்டேன் என்றான். அதையும் நான் மறக்கவில்லை.

ராவுத்தர் நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். நெருஞ்சிமுள் ஒன்று. பிடுங்கினார், உரசினார், சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டினார். பிறகு பஞ்சை எடுத்தார்.

முதல் சுற்று பாதிகூட ஆகவில்லை. முள்தான் வந்துவிட்டதே, மாட்டும் என்று சத்தம் போட்டேன்.

"ஒரே சுத்து பொறுங்க தம்பி. நெருஞ்சி ஒண்டியா ஏறாதுங்க."

பொறுக்கவில்லை. சக்கரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்… ஆமாம், பிடுங்கினேன். நானே மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மைல் போனதும் காற்று இறங்கி ரிம் தரையைத் தொட்டது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் தெரிகிற இடத்தில் ரயில் புறப்பட்டுப் போவதைப் பார்த்தேன்.

அந்த வேலை என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கியவனுக்குப் போனது. நான் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் இதே வாசகசாலையில் ஏறினேன். நல்ல கூட்டம். "ராவுத்தர் போட்ட ஒட்டு விட்டுப்போச்சுங்க, என் பொழப்பே போச்சு" என்றேன். அப்போது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் டயரைக் கழற்றினேன். ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு நாலு விரல் தள்ளி இன்னொரு முள்… பஞ்சு அதுவரை போயிருந்தால் சிக்கியிருக்கும்.

மறுநாள் வந்து திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் இங்கே அதைக் கேட்டவர்கள் எல்லாரும் எனக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்திருந்தார்கள். அது பிடித்திருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பெயர் ஒட்டிக்கொண்டது, கூட்டம் தேர்வீதிப் புதுக்கடைக்குப் போனது, ராவுத்தரின் வாடகை சைக்கிள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. அவர் கடை வாசலில் ஓசியில் காற்றடித்தவர்களில் ஒருவராவது உள்ளே போய், என்ன நடந்தது என்று கேட்டீர்களா? நேற்று அடக்கத்தின்போது முன்வரிசையில் நின்ற முகங்களை எல்லாம் பார்த்தேன்.

சரி… முதலில் சொன்னவன் நான்.

யுத்தம் வந்து, சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கைக்குப் போனபின் ட்யூப் வரத்து நின்றது. புதுக்கடைக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். போன மாசி மாதம் வேறு வழியில்லாமல் சைக்கிளை ராவுத்தர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பதினோரு ஒட்டுப் போட்ட அதே பழைய ட்யூப்.

வாங்க தம்பி என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி.

தண்ணீரில் அமிழ்த்தி ட்யூபைச் சுற்றிக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது. வட்டமாக வெட்டி ஓரத்தைச் சாய்வாகச் சீவிய ஒட்டு. அவர் ஒருவர்தான் அப்படிச் சீவுவார்; அன்று ரயிலுக்குப் போகும்போது போட்டது.

கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவினார். "இது நம்ம ஒட்டுங்க தம்பி. இன்னும் புடிச்சிருக்குது."

பக்கத்தில் நெசவுக்காரர் ஒருவர் தன் சைக்கிளோடு காத்திருந்தார். நெசவுக்காரர் காதில் விழக்கூடாதென்றே ராவுத்தர் தணிந்து பேசினார்… என் மானத்தை அவர் காப்பாற்றினார்.

புது ஓட்டையை ஒட்டிவிட்டுப் பஞ்சை எடுத்தார். "இந்த வாட்டி அவசரமில்லீங்களே?"

"இல்லீங்க" என்றேன்.

மூன்று சுற்றும் ஓட்டினார். அந்த மூன்று சுற்று நேரமும் வாயைத் திறக்கலாம் என்றிருந்தது. திறக்கவில்லை. அதற்குப் பிறகு நேற்றுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

நம்பாதவர்களுக்காக அந்த ட்யூபைக் கழற்றி இந்தக் காகிதத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன். வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது ஏழு வருஷத்துக்கு முன் அவர் போட்ட ஒட்டு. காற்றடித்துத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், ஒரு குமிழிகூட வராது.

வேறு ட்யூப் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். நாளை முதல் பள்ளிக்கூடத்துக்கு நடைதான்.

போய் வாருங்கள் ராவுத்தரே…

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். ஒட்டு விட்டது என்ற பேச்சை ஊர் முழுக்கச் சொன்னவர்கள், யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டதில்லை. அது பெயரில்லாமல் பரவியதுபோல் இதுவும் பரவட்டும். போடாமல்தான் மாட்டுகிறேன்.